விசா மறுக்கப்பட்ட மனு

ராணுவத்தில் இருபத்து நாலு வருஷம் வயர்லெஸ் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வு பெற்று செம்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு, எங்கெங்கே போனாய், என்ன பார்த்தாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. அதைக் கெடுத்தவள் என் மனைவி.

அவள் தினமும் காலையில் ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போவாள். அடுத்த தெருவில் குடியிருந்த ஓர் அம்மாவும் கூட நடப்பார். பெண்கள் கல்லூரி ஒன்றில் அரசியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அந்த வாரம் டிவியில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. உலக நாடுகளின் சபையில், போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானம். ஆதரிப்பவர்கள் என்றதும் வரிசையாகக் கைகள் உயர்ந்தன. எதிர்ப்பவர்கள் என்றதும் ஒரே ஒரு கை. உலகத்திலேயே பெரிய ராணுவம் வைத்திருக்கும் நாட்டின் கை அது. தீர்மானம் அதோடு செத்தது.

"முப்பது வருஷம் இந்தச் சபையைப் பத்திப் பாடம் எடுத்தேம்மா. அதோட சாதனைகளை விளக்குகன்னு பதினைஞ்சு மார்க் கேள்வி வெச்சிருக்கேன். பிள்ளைங்க பக்கம் பக்கமா எழுதுவாங்க. நான் அதுக்கு மார்க் போட்டிருக்கேன்" என்று மேடம் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம். ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டுமென்று இவள், "எங்க வீட்டுக்காரர்கூட அந்தச் சபையோட அமைதிப்படையில இருந்தவர்தான் மேடம். நீலத் தொப்பி இன்னும் பீரோல இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு மேடம் எங்கள் வாசலில் நின்றார்.

"நாங்க ஒரு மனு தயார் பண்றோம் சார். அந்த அமைப்பை எப்படித் திருத்தணும்னு. ஒரே ஒரு நாடு வேண்டாம்னு சொன்னா உலகமே கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற நிலைமை மாறணும். படையில இருந்தவங்க யாராவது கூட இருந்தா நல்லா இருக்கும்."

"நாங்கன்னா எத்தனை பேர் மேடம்?"

"இப்போதைக்கு ரெண்டு பேர். நீங்க வந்தா மூணு."

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மனைவி காபி கொண்டு வந்து வைத்து, "ஞாயித்துக்கிழமை இவர் சும்மாதான் இருப்பார்" என்றாள்.

கிழக்குத் தாம்பரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்த டியூஷன் சென்டரில்தான் கூடினோம். ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து ஒரு மணி வரை அறை காலியாக இருக்கும். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. என் முழங்கால் மேசையில் இடிக்கும். இரண்டாவது ஆள் எனக்கு முன்பே வந்திருந்தார். பம்மல்காரர். ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்து, தொழிற்சங்கத்திலும் ரொம்ப நாள் ஓடியாடியவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்றேன். அவர் முதல் நாளிலிருந்தே என்னை மிலிட்டரி என்றார்.

"மனு எழுதறதுன்னா எனுக்கு சோறு துன்ற மாரி" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். "ஜி.எம்முக்கு எழுதிக்கிறேன், மந்திரிக்கு எழுதிக்கிறேன். இப்போ உலகத்துக்கு எழுதணும்ன்றாங்க மேடம். அட்ரஸ் மட்டும்தான் மாறுது."

மேடம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க போன இடத்துல என்ன நடந்ததுன்னு சொல்லுங்க சார். சட்டம் எனக்குத் தெரியும். அது தரையில என்ன பண்ணுதுன்னு தெரியாது."

சொன்னேன். மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லாததை, ஒரு முறைகூட நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. இரண்டு கூட்டம் சண்டை போட்டு ஓய்ந்திருந்த நேரம். ஒரு சின்ன ஊரின் விளையாட்டு மைதானத்தில் எங்கள் முகாம். நாங்கள் அங்கே பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. சாலையில் ரோந்து போவோம், சந்தை கூடும் நாளில் வண்டியை நிறுத்தி வைப்போம். அவ்வளவுதான். ஆனால் நாங்கள் நின்றதால் சந்தை கூடியது. மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள்.

எங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அந்தப் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். நாற்பது வயது இருக்கும். அவித்த சோளத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து என் வயர்லெஸ் கூடாரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். என்னிடமிருந்து தமிழில் சில வார்த்தைகள் பிடித்துக்கொண்டார். "சரி" என்ற வார்த்தை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரே வார்த்தையை நீங்கள் சம்மதத்துக்கும் சொல்கிறீர்கள், கோபத்துக்கும் சொல்கிறீர்கள், பேச்சை முடிக்கவும் சொல்கிறீர்கள் என்று சிரிப்பார்.

எங்கள் படை அங்கே இருப்பதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தச் சபை அனுமதி நீட்டிக்க வேண்டும். அது எப்போதும் நடக்கிற காரியம்தான். யாரும் யோசித்ததுகூட இல்லை. அந்த முறை, டிவியில் கை தூக்கிய அதே பெரிய நாடு முட்டுக்கட்டை போட்டது. நாங்கள் இருந்த ஊரின்மேல் அதற்கு ஒரு கோபமும் இல்லை. தன் சிப்பாய்கள் எங்கே என்ன செய்தாலும் எந்த வெளிநாட்டு நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்று அது கேட்டதாம். மற்ற நாடுகள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஆத்திரத்தில் கைக்குக் கிடைத்ததைப் பிடித்து நிறுத்தியது. கிடைத்தது நாங்கள். இதையெல்லாம் பிற்பாடு செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு வந்தது செய்தி மட்டும்தான். காலை பத்து மணிக்கு, என் கையாலேயே எழுதி எடுத்தேன். பத்து நாளில் முகாமைக் காலி செய்து கிளம்ப வேண்டும்.

கூடாரங்களை மடிக்க ஆரம்பித்ததும் ஊருக்குப் புரிந்துவிட்டது. வாத்தியார் என்னிடம் வந்தார். "லாரியில் இடம் இருக்கிறது, நானே எண்ணிப் பார்த்தேன். நான், என் மனைவி, இரண்டு பிள்ளைகள். எல்லை வரைக்கும் போதும். உங்களுக்காகப் பேசியவன் என்று இங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியும்" என்றார்.

எங்கள் அதிகாரி நல்ல மனிதர். தலைமையிடத்தைக் கேள் என்றார். கேட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. உள்ளூர்ப் பணியாளர்களை ஏற்றிச் செல்வதற்கு விதிகளில் ஏற்பாடு இல்லை. அதிகாரி அதைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "உனக்குத்தான் அவர் சிநேகம். நீயே சொல்லிடு" என்றார்.

நான் போய் வாத்தியாரிடம் சொன்னேன். "சரி" என்றார், தமிழில். பிறகு கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அட்டையைத் திரும்ப வாங்க வேண்டும் என்பது விதி. விதிப்படி வாங்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நாங்கள் கிளம்பி வந்த பிறகு அந்த ஊர் கை மாறியது, பள்ளிக்கூடத்தை எரித்துவிட்டார்கள் என்று வேறு ஒரு பட்டாளத்துக்காரன் சொன்னான். வாத்தியாரைப் பற்றி அவனுக்குத் தெரியவில்லை. வாத்தியார் எனக்குக் கொடுத்திருந்த போன் நம்பர் அடிக்கவே இல்லை.

நான் முடித்ததும் மேடம் பேனாவை மூடி வைத்தார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அண்ணன் எழுந்து போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"குடி மிலிட்டரி."

குடித்தேன்.

"இத்த அப்டியே எழுது. ஒரு வார்த்தை சேக்காத."

அன்றிலிருந்து எட்டு மாதம் அந்த மனுவோடு மல்லுக்கட்டினோம். வெளியிலிருந்து பார்த்தால் கேலியாகத்தான் இருந்திருக்கும். மூன்று ஓய்வூதியக்காரர்கள், பிள்ளைகள் அழிக்காமல் விட்டுப்போன வேதியியல் சமன்பாடுகளுக்குக் கீழே, உலகத்தை எப்படி மாற்றுவது என்று கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தோம். எனக்கே சில ஞாயிறுகளில் வெட்கமாக இருக்கும். ஆனால் பேச்சு வெட்டிப் பேச்சாக இருக்கவில்லை.

அண்ணனுக்கு முதல் வரியிலேயே சண்டை. "தடுக்குற அதிகாரத்த ஒயிக்கணும். ஒரே வரி. அதுக்கு மேல இன்னா வேணும்?"

"அதை ஒழிக்கறதுக்கு அமைப்போட சாசனத்தைத் திருத்தணும் அண்ணா. திருத்தறதுக்கு, அந்த அதிகாரம் வெச்சிருக்கற அஞ்சு நாடும் சம்மதிக்கணும்."

அண்ணன் மேடத்தின் பக்கம் திரும்பினார். "இன்னா மேடம் இது? என்னை வேலைய வுட்டுத் தூக்குன ஆஃபீசரு, தூக்குனது தப்புன்னு அவனே கையெய்த்து போட்டாத்தான் செல்லுமா?"

"ஆமா."

"அப்போ எய்தறது வேஸ்ட்டு."

"வேஸ்ட்டாத்தான் இருக்கலாம். ஆனா சாசனத்தைத் தொடாமலே சிலது பண்ணலாம். அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

அவர் தேடிப் பிடித்தவை எளிமையானவை. தடுக்கிற நாடு எல்லா நாடுகளும் உட்கார்ந்திருக்கும் பெரிய சபையில் வந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தன் பெயர் அடிபடுகிற விவகாரத்தில் எந்த நாடும் ஓட்டுப் போடக் கூடாது. ஏற்கெனவே ஓர் ஊரில் நிற்கும் படையை வேறு சண்டைக்குப் பணயமாக வைக்கக் கூடாது; காலநீட்டிப்பைப் பெரிய சபையே முடிவு செய்யலாம். கடைசியாக நான் எழுதியது: படை திரும்பும்போது, அதற்காக வேலை செய்த உள்ளூர்க்காரர்களையும் குடும்பத்தோடு பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதை எழுதி முடிக்க எனக்கு நாலு ஞாயிறு ஆனது. எப்படி எழுதினாலும் காலம் கடந்து எழுதுகிறோம் என்றே தோன்றியது.

மேடம் அதை ஆங்கிலத்தில் எழுதிப் பல இடங்களுக்கு அனுப்பினார். பெரும்பாலும் பதிலே வரவில்லை. ஒரு நாள், அந்தப் பெரிய நாட்டில், சபையின் தலைமையகம் இருக்கும் நகரத்திலேயே நடக்கப்போகும் ஒரு குடிமக்கள் மாநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. பத்து நிமிடம் பேசலாம் என்றார்கள். சபையிலிருந்தும் சிலர் கேட்க வருவார்களாம். மேடம் அதைப் படித்துக் காட்டியபோது அண்ணன் கை தட்டினார். மேடம் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விசா நேர்காணலுக்கு நான் துணைக்குப் போனேன். மின்சார ரயிலில் நகரத்துக்குள் போய், ஆட்டோ பிடித்து, வரிசையில் நின்றோம். மேடம் நல்ல பருத்திப் புடவை கட்டி, மனுவைப் புதிய ஃபைலில் வைத்திருந்தார். போனை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எதிர்ப்பக்கம் மரத்தடியில் நின்றேன். நாற்பது நிமிடத்தில் வெளியே வந்தார். ஃபைல் அப்படியே இருந்தது. அதன்மேல் ஒரு துண்டுக் காகிதம்.

"இல்லைன்னுட்டாங்க சார்."

"என்ன கேட்டாங்க?"

"எதுக்குப் போறீங்கன்னு கேட்டாங்க. சபையில உங்க நாட்டோட தடுக்குற அதிகாரத்தைக் கட்டுப்படுத்தணும்னு பேசப் போறேன்னு சொன்னேன்."

"மேடம், பேத்தியைப் பார்க்கப் போறேன்னு சொல்லியிருக்கலாமே?"

"எனக்குப் பேத்தி இல்லையே சார்."

சாலையைக் கடந்து ஓர் ஓட்டலில் உட்கார்ந்தோம். காபி வந்தும் அவர் தொடவில்லை. "அதுக்காக மறுத்தாங்கன்னு நான் நினைக்கலை. கேட்ட பொண்ணு ரொம்ப மரியாதையாத்தான் பேசினா. வணக்கம்னு தமிழ்ல சொன்னா. தனியா இருக்கீங்க, குடும்பம்னு யாரும் இல்லை, திரும்பி வருவீங்கன்னு எனக்கு உறுதியாத் தெரியலைன்னா. எழுபது வயசுல நான் அங்க போய் ஒளிஞ்சுக்குவேன்னு நினைச்சாளோ என்னமோ. மூணு நிமிஷம் சார். ஃபைலைத் திறக்கவே இல்லை."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபமே இல்லை. களைத்துப்போயிருந்தார். திரும்பும் வண்டியில் உட்கார இடம் கிடைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பல்லாவரம் தாண்டியபோது, கண்ணைத் திறக்காமலே, "தலைமையகம் ஒரே நாட்டுல இருக்கறவரைக்கும் உள்ளே யார் வரணும்னு அந்த நாடுதான முடிவு பண்ணும்? இத்தனை வருஷம் பாடம் எடுத்தும் இது எனக்குத் தோணலை. மனுவுல ஒண்ணு விட்டுப்போச்சு சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அதையும் சேர்த்தோம். சபைக் கூட்டங்கள் கண்டத்துக்குக் கண்டம் மாறி மாறி நடக்க வேண்டும். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "கோர்ட்டையே அவன் வூட்டுத் திண்ணையில கட்டி வெச்சிக்கினு, கேஸ் குடுக்க வர்றவன கேட்டுலயே நிறுத்தறான்" என்றார். இதை அப்படியே மனுவில் போட முடியுமா என்று மேடத்தைக் கேட்டார். போட முடியாது என்றார் மேடம். கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார்.

மாநாட்டுக்காரர்கள் வருத்தம் தெரிவித்து, பேச்சை வீடியோவாக எடுத்து அனுப்பச் சொன்னார்கள். பத்து நிமிடம் ஐந்து நிமிடமாகியிருந்தது. டியூஷன் சென்டரிலேயே எடுத்தோம். நான் போனைப் பிடித்துக்கொண்டேன். விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்குமேல் சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு முறை அது வரும்போதும் மேடம் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். போனதும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். எட்டாவது தடவை முழுதாகப் பேசி முடித்தார். அவருடைய குரல் அதற்குள் கட்டிப்போயிருந்தது. அந்தக் குரலைத்தான் அனுப்பினோம்.

மூன்று வாரம் கழித்து மாநாட்டின் அறிக்கை வந்தது. நேரம் போதாததால் வீடியோவை ஒளிபரப்ப முடியவில்லை, மன்னிக்கவும் என்று கூடவே ஒரு கடிதம். அறிக்கையின் பின்னிணைப்பில் எங்களைப் பற்றி ஒரு வரி இருந்தது. இந்தியாவைச் சேர்ந்த மூத்த குடிமக்கள் சிலர் உலக அமைதிக்குத் தங்கள் நல்வாழ்த்துகளைத் தெரிவித்துள்ளனர்.

மேடம் அதை இரண்டு தடவை வாசித்தார். "வாழ்த்து சொன்னோமா நாம?" என்று கேட்டார் அண்ணன்.

அடுத்த ஞாயிறு அண்ணன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நான் பஸ் பிடித்து பம்மலுக்குப் போனேன். முழங்கால் வீங்கி, கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். டிவியில் இன்னொரு ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்தார்.

"கோவமா அண்ணே?"

"கோவம்லாம் போச்சு மிலிட்டரி. பேஜாரா கீது, அவ்ளோதான். ஷெட்டுல மனு எய்துனா, எவனாச்சும் எதிர்ல வந்து முடியாதுன்னு திட்டுவான். அவன் மூஞ்சியப் பாத்து நாம ஒண்ணு சொல்லலாம். இவனுங்க வாய்த்துன்னு எய்திட்டானுங்க. இதுக்கு இன்னான்னு பதில் சொல்றது?"

அவருடைய மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் இருவரும் சத்தமில்லாத டிவியைப் பார்த்தோம். கிளம்பும்போது, "மாடி ஏற முடியாது என்னால. மேடத்தாண்ட சொல்லிடு" என்றார்.

சொன்னேன். மேடம் யோசித்துவிட்டு, "அப்போ நாம அங்க போகலாம்" என்றார். அன்றிலிருந்து கூட்டம் பம்மலுக்கு மாறியது. அண்ணன் கட்டிலில், மேடம் நாற்காலியில், நான் தரையில். பேச்சு குறைந்துவிட்டது. சில ஞாயிறுகளில் மனுவை எடுக்கவே மாட்டோம். இத்தோடு விட்டுவிடலாம் என்று மூன்று பேருக்கும் இருந்தது என்று நினைக்கிறேன். முதலில் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

போன மாதம் மேடத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பசிபிக் கடலில் ஒரு தீவு நாட்டிலிருந்து. எழுதியவர் அந்த நாட்டு வெளியுறவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மாநாட்டின் இணையப் பக்கத்தில், யாரும் போகாத ஒரு மூலையில், மேடத்தின் வீடியோ கிடந்திருக்கிறது. முழுதும் பார்த்தேன் என்று எழுதியிருந்தார். சபைக் கூட்டத்தை இடம் மாற்ற வேண்டும் என்ற யோசனையைத் தன் பழைய அலுவலகத்தில் கொடுத்திருக்கிறாராம். அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், ஆனால் பெரிய நாட்டின் மனம் கோணும் எதையும் செய்யப் பயப்படுவார்கள், அதனால் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி. ஏழை நாடுகளில் கூட்டம் நடந்தால் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். அதற்கு உங்களிடம் என்ன பதில் இருக்கிறது?

மேடம் படித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இவர் நம்மளைவிடக் களைச்சுப்போயிருக்கார்" என்றார்.

"பதில் கீதா நம்மகிட்ட?" என்றார் அண்ணன்.

"இல்லை."

"மிலிட்டரி, உனுக்குத் தெரியுமே. ஒரு கூட்டத்துக்குக் காவல் போடணும்னா எத்தினி ஆளு, இன்னா ஏற்பாடுன்னு."

கொஞ்சம் தெரியும் என்றேன். மேடம் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி என்னிடம் நீட்டினார். அண்ணனின் மனைவி உள்ளிருந்து, சாதம் ஆகிவிட்டது, சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள் என்றார். பசித்தது. இருந்தாலும் முதல் இரண்டு வரியை எழுதிவிட்டுத்தான் கை கழுவப் போனேன்.